ஓரம் அடிக்கத் தந்த சேலை: வேளாங்கண்ணி மாதாவுக்குப் பெரியம்மா வைத்த நேர்த்தி

பாலையூற்றான்

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, பாலையூற்று. வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்களிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது 71 வயது. தையல் தான் அவருடைய தொழில். 2004 டிசம்பரில், கிறிஸ்மசுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, நிலாவெளியில் இருந்த பெரியம்மா ஒரு சேலையைக் கொண்டுவந்து ஓரம் அடிக்கத் தந்துவிட்டுப் போனார். கடல் நீலம், ஒரு விரல் அகலத்தில் சரிகைக் கரை. அது பெரியம்மா உடுக்க வாங்கிய சேலை இல்லை. அவருடைய கடைசி மகனுக்குச் சின்ன வயதில் இருந்தே மூச்சு வருத்தம். அவனுக்குச் சுகம் வந்தால் வேளாங்கண்ணி மாதாவின் சுரூபத்துக்குச் சேலை கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று நேர்ந்திருந்தார். சுகம் வந்தது. "பொங்கல் கழியப் போவம், நீயும் வாடி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

26ஆம் திகதி ஞாயிறு காலை பெரியம்மாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. மகன் அன்று டவுனில் நின்றதால் தப்பினான்.

சேலை எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா ஒரு பக்க ஓரம் அடித்து முடித்திருந்தார். அதை அப்படியே மடித்து, கற்பூர உருண்டை போட்டு, அலுமாரியின் மேல் தட்டில் வைத்தவர் 20 வருடமாக அதை ஒருவருக்கும் காட்டவில்லை. போன மாதம் தானாக எடுத்தார். "அக்காவின்ர நேர்த்தியைத் தீர்க்க வேணும், கொண்டுபோய் விடு" என்றார். பெரியம்மாவின் அந்த மகனும் வெளிநாட்டில் இருந்து போன் எடுத்து, "சித்தி, நீங்களே குடுங்கோ" என்று சொல்லிவிட்டான்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். செத்துப்போன ஒருவர் வைத்த நேர்த்தியை வேறொருவர் தீர்க்கலாமா? இவ்வளவு காலம் பெட்டியில் கிடந்த சேலையை அங்கே வாங்குவார்களா? மடிப்பு விழுந்த இடத்தில் நூல் கொஞ்சம் விட்டிருக்கிறது. இன்னொன்று, அம்மா 2004க்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. மாதா கோயிலோ கடலோரம். எப்படிக் கூட்டிப்போவது?

உப்புவெளிக்காரன்

காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. 2023 ஒக்டோபரில் தொடங்கி இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பவும் தொடங்கியது. ஏறக்குறைய 4 மணித்தியாலம். நாகப்பட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணி 12 கிலோமீட்டருக்குள். ஆனால் மாரியில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், அதைப் பார்த்து வெளிக்கிடுங்கள். கடல் ஒத்துவராது என்றால் கொழும்பில் இருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து 150 கிலோமீட்டர் அளவில் ரோட்டால் போகலாம். விசா எடுக்கும்போது எந்த வழியாக நுழைகிறீர்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் அக்கா

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுத் தேத்தண்ணி ஆறும்வரை அப்படியே இருந்தேன்.

நாங்கள் 1990இல் மூதூரில் இருந்து வெளிக்கிட்டு, மன்னார் வழியாகப் படகில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்தவர்கள். அங்கே இருக்கும்போது அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு தடவை வேளாங்கண்ணிக்குப் போனேன். முதல் தடவை போகும்போது கையில் மெழுகுதிரி வாங்கக்கூடக் காசு யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சேலையைப் பற்றிச் சொல்கிறேன். மாதா சுரூபம் பீடத்தில் உயரத்தில் இருக்கிறது. பிறைநிலாவில் நிற்கும் மாதா, கையில் குழந்தை இயேசு, இரண்டு பேர் தலையிலும் கிரீடம். சேலையை நாங்கள் உடுத்துவது மாதிரிச் சுற்றுவதில்லை. தோளில் இருந்து கீழே விரித்துச் சாத்துவார்கள், அடிப்பக்கம் அகன்று கோபுரம் மாதிரி நிற்கும். தாயின் முகமும் பிள்ளையின் முகமும் மட்டும் வெளியில் தெரியும். சேலை கொண்டுவருகிற சனத்துக்குக் கணக்கே இல்லை, ஆகவே எல்லாச் சேலையும் சுரூபத்தில் ஏறாது. அதை மட்டும் அம்மாவுக்கு முன்னமே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்தால் மனம் உடைந்துவிடும். கொடுப்பதுதான் நேர்த்தி. சாத்துவதும் சாத்தாமல் விடுவதும் எங்கள் கையில் இல்லை.

அங்கே போனால் பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். மாதா குளத்துக்குப் போங்கள். அந்த மணல் பாதையில் முழங்காலில் போகிறவர்களைப் பார்ப்பீர்கள். அப்புறம் நடுத்திட்டு. இந்த இரண்டு இடங்களில்தான் வேளாங்கண்ணியின் கதையே தொடங்குகிறது. குளத்தடியில் பால் கொண்டுபோன இடையர் பையனிடம் மாதா தன் குழந்தைக்குக் கொஞ்சம் பால் கேட்டாவாம். அவன் கொடுத்துவிட்டு, பால் குறைந்ததற்கு முதலாளி ஏசுவாரே என்று பயந்துகொண்டு போனால், பானை நிறைந்து வழிந்ததாம். நடுத்திட்டில் கால் நடக்க ஏலாத பையன் மோர் விற்றுக்கொண்டிருந்தான். அவனிடமும் பிள்ளைக்கு மோர் கேட்டா. கொடுத்தான், கால் வந்தது. நாகப்பட்டினத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னான். அதன்பிறகுதான் அங்கே ஓலைக் கொட்டில் கோயில் வந்தது.

இந்தக் கதைகளைச் சின்ன வயதில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஆனால் முகாமில் என் கைக்குழந்தைக்குப் பால்மா கேட்டு வரிசையில் நின்ற பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இரண்டு கதையிலும் மாதா முதலில் கொடுக்க வரவில்லை, கேட்கத்தான் வந்தா. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஏழைப் பையனிடம் கேட்டு நின்றா. அன்றைக்கு நடுத்திட்டில் நின்று அதை நினைத்து அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெரிய கோயிலில் எனக்கு அழுகை வரவில்லை.

உங்கள் அம்மா பயப்படாமல் போகட்டும்.

மறைக்கல்வி

நான் 30 வருடமாக மறைக்கல்வி படிப்பிக்கிறேன். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். நேர்த்தி, அதை வைத்தவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1193ஆம் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே உங்கள் பெரியம்மாவின் நேர்த்தி அம்மாவின் தலையில் கடனாக விழவில்லை. தீர்க்காவிட்டால் தெய்வ குற்றம் வரும், அக்காவின் ஆன்மா தவிக்கும் என்று யாராவது சொல்லிப் பயமுறுத்தியிருந்தால் அதை முதலில் அம்மாவின் மனதில் இருந்து எடுத்துவிடுங்கள்.

அதற்காகச் செய்யக்கூடாது என்று அர்த்தம் இல்லை. அக்காவின் மேல் வைத்த அன்பினால் ஒரு தங்கை செய்கிற காணிக்கை அது. போகிற அன்றைக்கு அக்காவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக அங்கேயே ஒரு பூசையும் ஒப்புக்கொடுங்கள்.

இன்னொரு விஷயம். சுரூபத்துக்குச் சேலை சாத்துவதைப் பற்றிப் பிரிவினை சபைகளில் இருக்கும் உறவினர்கள் கேட்டால் அம்மா தடுமாறக்கூடாது. படத்துக்கும் சுரூபத்துக்கும் செய்கிற வணக்கம் அதில் உருவாக நிற்பவருக்கே போய்ச் சேர்கிறது என்று 787இல் இரண்டாம் நீசேயா சங்கம் என்கிற ஆயர்கள் கூட்டம் முடிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் சனம் அதைச் சங்கத் தீர்மானமாகப் படித்ததில்லை. செத்துப்போன தாயின் படத்துக்குப் பூ வைக்கிறவர்களுக்கு அதைப் படிப்பிக்கத் தேவையும் இல்லை.

வில்லூன்றி

நான் சைவம். ஆனாலும் இந்தப் பேச்சில் எனக்கும் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் அம்மம்மா கோணேசருக்கும் போவார், பாலையூற்று லூர்து மாதாவுக்கும் போவார். எனக்கு மொட்டை போட்டது வேளாங்கண்ணியில்தான். அம்மை கண்டு பிழைத்த பிள்ளை என்று நேர்த்தி. அங்கே யாரும் என்னிடம் நீ யார் என்று கேட்கவில்லை என்பார் அம்மம்மா.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் டவுனில் இருக்கிற மரியாள் கோயிலைப் பேராலயம் என்கிறார்கள். வேளாங்கண்ணியையும் பேராலயம் என்கிறார்கள், பசிலிக்கா என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

கோட்டைவாசல்

ஒன்று இல்லை, தம்பி. தமிழில் இரண்டுக்கும் பேராலயம் என்று எழுதுவதால் வருகிற குழப்பம் இது.

ஆயரின் இருக்கை இருக்கிற கோயில் கதீட்ரல். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உண்டானது, அதற்கு ஆயர் இருக்கை புனித மரியாள் கோயிலில். வேளாங்கண்ணியில் ஆயர் இருக்கை கிடையாது. அது தஞ்சாவூர் மறைமாவட்டம், கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கிற திருஇருதயக் கோயில். பசிலிக்கா என்பது பாப்பரசர் ஒரு கோயிலுக்குக் கொடுக்கிற பட்டம். வேளாங்கண்ணிக்கு அதைக் கொடுத்தவர் 23ஆம் யோவான், 1962 நவம்பர் 3ஆம் திகதி. ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம். பசிலிக்காவுக்குள் பாதி விரிந்த பட்டுக் குடையும் சின்ன மணியும் பார்த்தால், அவை அந்தப் பட்டத்தின் அடையாளங்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மண்டபம் அக்கா இரண்டு கதைகளைச் சொன்னார். மூன்றாவது எங்கள் நாட்டோடு சம்பந்தப்பட்டது. மக்காவோவில் இருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த போர்த்துக்கீசக் கப்பல் ஒன்று வங்காள விரிகுடாவில் புயலில் மாட்டிக்கொண்டது. கரை சேர்த்தால் கோயில் கட்டுவோம் என்று மாலுமிகள் மாதாவிடம் நேர்ந்தார்கள். கரை ஒதுங்கிய இடம் வேளாங்கண்ணி. அன்று செப்டெம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். ஓலைக் கோயில் இருந்த இடத்தில் கல்லால் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு வந்தபோது சீனப் பீங்கான் தட்டுகள் கொண்டுவந்து பீடத்தில் பதித்தார்கள், விவிலியக் காட்சிகள் வரைந்த தட்டுகள். திருநாள் செப்டெம்பர் 8இல் வருவதற்கும் அதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஓகஸ்ட் 29 கொடியேற்றம், அதற்குப் பிறகு கால் வைக்க இடம் இருக்காது. காவி உடுத்து நாள்கணக்காக நடந்தே வருகிற சனம். 71 வயதில் அந்தக் கூட்டத்துக்குள் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம்.

1771இல் தனிப் பங்காகி, கோயில் பல தடவை பெருத்தது. பின்பக்கம் மாடியோடு இருக்கிற பகுதி 1975இல் முடிந்தது, லூர்தில் இருக்கிற பசிலிக்காவைப் பார்த்துக் கட்டியது.

வில்லூன்றித் தம்பிக்கு இதையும் சொல்ல வேண்டும். 2024 ஓகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சை ஆயருக்கு ஒரு கடிதம் எழுதியது. கிறிஸ்தவர் அல்லாதவர்கள் அங்கே இத்தனை பேர் வருவதை மதக் கலப்பு என்று பார்க்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் அம்மம்மா சொன்னதற்கு அதுவே சாட்சி.

உப்புவெளிக்காரன்

எல்லோரும் வரலாறு பேசுகிறீர்கள். கண்முன்னால் நடந்ததைச் சொல்லவில்லையே. 2004இல் சுனாமி வந்தபோது வேளாங்கண்ணியில் சுற்றிவர எல்லாம் அழிந்தது. தண்ணீர் பசிலிக்காவுக்குள் வரவில்லை. உள்ளே பூசை கண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலே மாதாவின் வாசலில் நின்றுவிட்டது. இதைவிடப் புதுமை வேண்டுமா? பாலையூற்றான், இதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். கடலைக் கண்ட பயம் போய்விடும். மாதாவை நம்பினவர்களைக் கடல் தொடாது.

பாலையூற்றான்

அண்ணா, நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதினீர்கள் என்று தெரியும். ஆனால் இதை நான் அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

பெரியம்மா மாதாவை நம்பினவர். செபமாலை சொல்லாமல் படுத்த நாள் கிடையாது. முதல் நாள் கிறிஸ்மஸ் பூசை கண்டு, நற்கருணை எடுத்தவர். அவரை மூன்றாம் நாள் கண்டெடுத்தபோது கழுத்தில் உத்தரியம் (மாதா பக்தர்கள் கயிற்றில் கோத்து அணிகிற சின்னத் துணித் துண்டு) இருந்தது. அதை வைத்துத்தான் அம்மா அடையாளம் காட்டினார். முகத்தை வைத்து இல்லை.

அப்போதும் ஒருவர் வீட்டுக்கு வந்து இதையே சொன்னார். வேளாங்கண்ணியில் மாதா கோயிலைக் காப்பாற்றினா என்று. அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் போன பிறகு கேட்டார்: "அப்ப அக்காவை ஏன் விட்டவ?" எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா அந்தச் சேலையை மேல் தட்டில் ஏற்றினது அன்றைக்குத்தான்.

இறக்கக்கண்டி

நான் கடற்தொழில் செய்கிறவன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

அன்று காலை 9 மணி இருக்கும். பௌர்ணமி, ஞாயிறு, வலை போடாத நாள். அதனால் சனம் எல்லாம் வீட்டில். கடல் ஒரே அளவாக வரவில்லை. வாய்க்கால் கண்ட இடத்தால், தாழ்வு கண்ட இடத்தால் உள்ளுக்குப் போனது. மணல் மேடும் தாழங்காடும் இருந்த இடத்தில் வேகம் குறைந்தது. என் வீடு போனது. 40 யார் தூரம் தள்ளி என் மச்சான் வீடு, திண்ணைவரை வந்து திரும்பியது. மச்சான் என்னைவிட நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. என் வீட்டில் இரண்டு பேர் போனார்கள். அதற்குமேல் நான் எழுதவில்லை.

கோயில் நின்றதற்கு நன்றி சொல்லலாம். நானும் சொல்வேன். மச்சான் வீடு நின்றதற்கும் நன்றி சொன்னேன். ஆனால் தண்ணீர் தொடாத இடத்தை மட்டும் காட்டி மாதா இங்கேதான் நின்றா என்று சொன்னால், தொட்ட இடத்தில் அவ நிற்கவில்லை என்று ஆகிவிடுகிறது. என்னால் அதை ஏற்க முடியாது. அன்றைக்கு நான் தண்ணீருக்குள் கூப்பிட்டது அவவைத்தான்.

கோட்டைவாசல்

இறக்கக்கண்டி ஐயா சொன்னதற்குப் பிறகு இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேளாங்கண்ணியில் கோயில் நின்றது உண்மை. அதே காலையில் அதே ஊரின் கடற்கரையில் நின்ற யாத்திரீகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்ததும் உண்மை. கிறிஸ்மசுக்கு வந்தவர்கள், பூசை கண்டுவிட்டுக் குளிக்கப் போனவர்கள், கடை போட்டிருந்தவர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அவர்களும் மாதாவிடம் வந்தவர்கள்தான். முதலாவதைச் சொல்லும் வாய் இரண்டாவதையும் சொல்ல வேண்டும்.

மன்னார்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மடு மாதா கோயிலை நினைத்துப் பாருங்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி மடுக் கோயில் வளவில் தஞ்சம் புகுந்திருந்த பல பேர் எறிகணையில் செத்தார்கள். மாதாவின் காலடியில்தான் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கிட்டடிக்கு வந்தபோது சுரூபத்தையே குருக்கள் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஓகஸ்டில்தான் திரும்பி வந்தது. 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து சனம் மாந்தையில் இருந்து காட்டுக்குள் கொண்டு ஓடிய அதே சுரூபம். சனம் இடம்பெயர்ந்தால் அவவும் இடம்பெயர்வா. மடு மாதா காப்பாற்றவில்லை என்று அதற்காக யாராவது போகாமல் விட்டார்களா? ஆடித் திருநாளைப் பாருங்கள், ஆவணித் திருநாளைப் பாருங்கள்.

மண்டபம் அக்கா

அதைத்தான் நான் நடுத்திட்டில் கண்டேன் தம்பி. கேட்டு நிற்கிற தாய்.

உப்புவெளிக்காரன்

நேற்று இரவு முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பாலையூற்றுத் தம்பி, இறக்கக்கண்டி அண்ணா, இரண்டு பேரும் என்னை மன்னிக்க வேண்டும்.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு நாங்கள் மூன்று மாதம் பாடசாலையிலும் கூடாரத்திலும் இருந்தோம். எனக்கு அப்போது 19 வயது. அப்பாவின் படகு, வள்ளம், வலை எல்லாம் போய், அப்பா பேச்சே இல்லாமல் இருந்தார். ஒருநாள் யாரோ வேளாங்கண்ணிக் கதையைச் சொன்னார்கள். கடல் ஒரு இடத்திலாவது நின்றிருக்கிறது என்று கேட்டபோது அப்பா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் கடல் கொண்டுபோன நேரத்தில், கடலாலும் ஏலாத ஒரு வாசல் இருக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய தைரியம். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினோம். அந்தக் கதை இன்னொரு வீட்டில் எப்படிக் கேட்கும் என்று நான் இத்தனை வருடமாக யோசித்ததே இல்லை.

"நம்பினவர்களைக் கடல் தொடாது" என்று நான் எழுதியது பிழை. அதை எடுத்துவிடவா என்று யோசித்தேன். இருக்கட்டும். எனக்கு நீங்கள் சொன்ன பதிலும் அதோடு சேர்ந்து இருக்கட்டும்.

இறக்கக்கண்டி

மன்னிக்க ஒன்றும் இல்லை தம்பி. உங்கள் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்து வள்ளக்காரர் எல்லோரையும் தெரியும்.

வில்லூன்றி

பாலையூற்று அண்ணா, ஒரு சின்ன யோசனை. வேளாங்கண்ணியில் சுனாமியில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் அங்கே கூடி, கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று எல்லோரும் சேர்ந்து அஞ்சலி செய்கிறார்கள். அம்மாவைக் கோயிலுக்கு மட்டும் கூட்டிப்போகாமல் அங்கேயும் கூட்டிப்போங்கள். நான் சின்னவன், பெரியவர்களுக்குப் புத்தி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோயில் நின்றது என்று மட்டும் சொல்லாமல் போனவர்களையும் அந்த ஊர் நினைத்துக்கொண்டு இருக்கிறது என்பதை அம்மா கண்ணால் பார்த்தால் நல்லது என்று பட்டது.

மறைக்கல்வி

நல்ல யோசனை. முதலில் நினைவிடம், அப்புறம் கோயில். அந்த வரிசையில் போங்கள்.

சேலைக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. சுத்தமாக இருந்தால் கொடுக்கலாம். அங்கே காணிக்கைக் காட்சிச்சாலை ஒன்று இருக்கிறது. சனம் கொடுத்த பொன் வெள்ளிச் சாமான்கள், சுகமானதற்கு அடையாளமாகக் கொடுத்த கை, கால், கண் உருவங்கள், தொட்டில்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அவற்றில் விலைக்குப் பெரிதாகப் பெறாத சாமான்களும் இருக்கின்றன. நூல் விட்ட சேலை என்று அம்மா கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் கடிதத்தில் பெரியம்மாவின் பெயரையும் நேர்த்தியையும் எழுதிச் சேலைக்குள் வையுங்கள்.

பாலையூற்றான்

ஒரு கிழமையாக எழுதவில்லை, மன்னிக்கவும். எல்லோருடைய பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு மாலை எடுத்தது. உப்புவெளி அண்ணா, நீங்கள் முதலில் எழுதியதையும் வாசித்தேன். அது இல்லாமல் மற்றது விளங்காது. உங்கள் அப்பா நிமிர்ந்து பார்த்தார் என்ற இடத்தில் அம்மா "பாவம்" என்றார்.

மண்டபம் அக்கா எழுதிய பால், மோர்க் கதையைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, பெரியம்மாவும் இப்படித்தான், மகனுக்கு வருத்தம் வந்த இரவுகளில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாகனம் கேட்டு வீடு வீடாகத் தட்டியவர் என்று சொன்னார். எனக்கு அது இவ்வளவு காலமும் தெரியாது.

சேலை சுரூபத்தில் ஏறாமல் போகலாம் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அக்கா குடுக்கிறன் எண்டுதானே சொன்னவ, சாத்த வேணும் எண்டு சொல்லேல்லையே" என்றார்.

கப்பல் வேண்டாம் என்று முடிவு. கொழும்பு போய்த் திருச்சிக்குப் பறக்கிறோம். திருநாளுக்கு இல்லை, மாசியில். டிசம்பர் 26க்குப் போகலாமா என்று கேட்டேன், அந்த நாளில் தான் நிலாவெளியில் நிற்க வேண்டும் என்றார். இந்த முறை கடற்கரைக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருவாரா தெரியாது. இறக்கக்கண்டி ஐயா, வந்தால் உங்களுக்குச் சொல்கிறேன், ஒரு மெழுகுதிரி உங்கள் வீட்டு இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொளுத்துவோம்.

மூன்று நாளாகச் சேலை உள்வீட்டுக் கொடியில் நிழலில் தொங்குகிறது. கற்பூர வாசம் இன்னும் போகவில்லை. மடிப்பில் நூல் விட்ட இடத்தைத் தைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அம்மா அதைத் தொடவில்லை. ஆனால் இன்று பின்னேரம் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அந்த நீலத்துக்கு ஏற்ற நூல் வாங்கிவரச் சொன்னார். மற்றப் பக்க ஓரம் இன்னும் அடிக்கவில்லை அல்லவா. நூல்கண்டு வாங்கிவந்து கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே மெஷின் சத்தம் கேட்கிறது.